கடைசி வரி வரைக்கும்

இருமல் மருந்து வாங்கினால் நாமெல்லாம் மூடியைத் திருகி, வாயில் ஊற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். என் கடையில் வேலை பார்த்த மேடம் அந்த அட்டைப் பெட்டிக்குள் மடித்துத் திணித்திருக்கும் மெல்லிய காகிதத்தை எடுத்துப் பிரித்து, எறும்பு வரிசை மாதிரி இருக்கும் எழுத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிப்பார். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. கல்யாணப் பத்திரிகை வந்தால் அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசிப்பார். பஸ் டிக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்து விளம்பரத்தையும் விடமாட்டார். ஒருமுறை ஓட்டலில் கை கழுவும் இடத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவர் வாசித்து முடிக்கும் வரைக்கும் பின்னால் நாலு பேர் எச்சில் கையோடு நின்றோம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குழாயையே பிடுங்கியிருப்பேன்.

காளவாசலில் மாடியில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அவர் அங்கே பல வருடங்கள் வேலை பார்த்தார். இப்போது மகனோடு ஓசூரில் இருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் மேடம் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கல்லூரி லேப், ஆஸ்பத்திரி பில் கவுண்டர் என்று லினக்ஸில் ஓடுகிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ரேசன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு குரல். திரையில் எந்த வரியை வாசிக்கிறாரோ அந்த வரி மேல் ஆள்காட்டி விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே போவார். சாயங்காலம் எல்லாத் திரையையும் துடைப்பது என் வேலை.

எனக்குப் பொறுமை என்ற சரக்கே கிடையாது. கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டால் "யெஸ்" என்று ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுகிற ஆள் நான். அதைப் பார்த்தாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

"என்ன கேக்குதுன்னே தெரியாம எப்படிண்ணே ஆமாங்குறீங்க?"

"எல்லாரும் அப்படித்தான மேடம் அமுக்குறாங்க?"

"எல்லாரும் அமுக்கிட்டு இங்கதான வாராங்க."

நான் துணியை எடுத்துக்கொண்டு திரையைத் துடைக்கப் போய்விடுவேன். ஆனால் வாடிக்கையாளர்கள் அப்படிப் போவார்களா? அவசரமாக வந்து நிற்கிற மனிதன் முன்னால் உட்கார்ந்து, கணினி கக்கிய பிழைச் செய்தியை வரி வரியாக அவர் ஓத ஓத, அந்த ஆளுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். "ஏம்மா, மந்திரம் சொல்லி ஓட்டவா பேயா பிடிச்சிருக்கு?" என்று ஒரு லாரி செட்காரர் சத்தமே போட்டார். மேடம் விரலை எடுக்காமல், "கொஞ்சம் இருங்க, இன்னும் ரெண்டு வரி பாக்கி" என்றார். சுரணையே இல்லாத மனுஷி என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அவரைப் பற்றி யோசித்தால் எனக்கு ஒரு ஆயுத பூசை நாள்தான் முன்னால் வந்து நிற்கும்.

நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி, செக்கானூரணிக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நாட்டுக்கோழிப் பண்ணை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான் பார்த்துக்கொண்டார்கள். முட்டையை மெஷினில் வைத்துக் குஞ்சு பொரித்து விற்பது தொழில். ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரி மாதிரி ஒரு பெட்டி, உள்ளே தட்டுத் தட்டாக முட்டை. அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று பார்த்து, ஹீட்டரைப் போட்டு அணைப்பதெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டர். சொந்தக்காரப் பையன் ஒருவன் செய்துகொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான், அதன் பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டோம். கம்ப்யூட்டருக்கும் ஹீட்டருக்கும் நடுவில் ஒரு கார்டு உண்டு. அந்தக் கார்டோடு பேசுவதற்கென்று ஒரு சின்ன நிரல். அதைக் கொடுத்தவர்கள் தொழிலையே மூடிவிட்டதால், அந்தக் கம்ப்யூட்டரைத் தவிர அது இப்போது எங்கும் கிடைக்காது. இதை மேடம் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் பாதிதான் கேட்டிருப்பேன்.

பண்ணைக்காரருக்குச் சூட்டு அளவு தன் போனில் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரின் இயங்குதளம் ரொம்பப் பழசாகிவிட்டதால் அது தெரியாமல் போயிருந்தது. "இந்தப் பேட்ச் பொரிக்கிறதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க" என்று ஒற்றைக் காலில் நின்றார். அதற்குப் புது இயங்குதளத்துக்கு மாற்ற வேண்டும். ஓடுகிற மெஷினை நிறுத்தாமலே மாற்றலாம், கடைசியில் ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். ஆனால் அந்த ஊர் இன்டர்நெட்டுக்கு ராத்திரி முழுக்க ஓடும். நடுவில் யாரும் தொடக் கூடாது. மேடம் யோசித்து ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார். ஆயுத பூசை. அன்றைக்கு யாரும் வேலை செய்யமாட்டார்கள், கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. முதல் நாள் சாயங்காலம் கடையிலிருந்தே வேலையை ஓடவிட்டு, அணைக்க வேண்டாம் என்று பண்ணையின் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பும் எழுதி வைத்தார்.

வருஷம் முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத பெட்டியை எல்லோரும் தொடுகிற நாள் அது ஒன்றுதான் என்பது, மதுரையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆயுத பூசையன்று ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்போம். நானே காலையில் எங்கள் கடைக் கம்ப்யூட்டர்களை எல்லாம் அணைத்துத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டுத்தான் பொரிகடலையைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் மேடத்துக்குப் போன் வந்தது.

"மேடம், பொட்டி செத்துப்போச்சு. ஹீட்டரும் நின்னு போச்சு. குஞ்சு மூக்கு வைக்குற நேரம் மேடம்!"

பண்ணைக்காரர் கத்தியது எனக்கே கேட்டது. முட்டைக்குள் இருக்கிற குஞ்சு ஓட்டை உள்ளிருந்து கொத்தி உடைக்கத் தொடங்குகிற கட்டம் அது. அந்த நேரத்தில் சூடும் ஈரமும் மாறினால் உள்ளே இருக்கிற தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், வெளியே வர முடியாமல் முட்டைக்குள்ளேயே செத்துவிடும். அந்தப் பேட்ச் போய்விட்டால் அந்தக் குடும்பம் அந்த வருஷம் எழுந்திருக்காது.

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய், குங்குமத் தண்ணீர். வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்களுக்கு நடுவில் வழுக்கி வழுக்கிப் போகிறேன், பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் போனில் பண்ணைக்காரரை எழுத்துக்கூட்ட வைக்கிறார்.

"ஸ்க்ரீன்ல என்ன இருக்கோ அப்படியே வாசிங்கண்ணே."

"என்னமோ இங்கிலீசுல ஓடுது மேடம். கருப்பா இருக்கு."

"வாசிக்க வேணாம். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க. மொத எழுத்து?"

ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அந்த ஆள் போன் ஸ்பீக்கரில் ஏ, பி, சி என்று கத்திக்கொண்டே வந்தார். நாகமலை தாண்டுவதற்குள் அவர் இரண்டு தடவை அழுதுவிட்டார். மேடம் மட்டும் "ம், அடுத்து" என்றபடியே வந்தார். எனக்கு அந்த "ம்"மைக் கேட்கக் கேட்க எரிச்சலாக இருந்தது.

போய் இறங்கினால், கம்ப்யூட்டர் சாமி மாதிரி இருந்தது. மானிட்டர் நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு, கீபோர்டில் குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை. பொரிக்கிற பெட்டியின் பக்கத்தில் பண்ணைக்காரரின் மனைவி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை சுவரில் இருந்த, ஹீட்டரை நேரடியாகப் போடுகிற சுவிட்சில். கண் கண்ணாடிக் கதவுக்குள் இருந்த தெர்மாமீட்டரில். சூடு இறங்கினால் சுவிட்சைப் போடுவார், ஏறினால் அணைப்பார். காலடியில் தண்ணீர் வாளி. நடு நடுவே ஈரச் சாக்கை முறுக்கிப் பெட்டிக்குள் வைப்பார். கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையை, அது நின்றதிலிருந்து, எழுந்திருக்காமல் அந்த அம்மாவே செய்துகொண்டிருந்தார். பெட்டிக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சத்தம் வந்தது. முட்டைக்குள்ளேயே இருந்துகொண்டு கத்துகிற சத்தம்.

"இவதான் மேடம். பூசைக்குத் தொடைக்கிறேன்னு ரெண்டு நிமிசம் அமத்திப்புட்டா. அறிவுகெட்ட கழுத" என்றார் பண்ணைக்காரர்.

"நான் ஸ்க்ரீன்ல எழுதி வச்சிருந்தேனேண்ணே."

"என்னத்த எழுதி வச்சாலும் இந்தத் தற்குறிக்கு இங்கிலீசு எங்க படிக்கத் தெரியும்?"

மேடம் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா திரும்பவில்லை. தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு, "கூடுது, கூடுது" என்று முணுமுணுத்து சுவிட்சை அணைத்தார். அந்த நிமிஷம் மேடத்தின் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். கீபோர்டு மேல் இருந்த குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

என்ன ஆகியிருந்தது என்பதை எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அதற்குள்தான். எது வந்தது, எது போனது, எதற்கு எது வேண்டும் என்று கணக்கு வைத்து எடுத்துக் கொடுக்க ஒரு ஆள். லினக்ஸில் அந்த ஆளுக்குப் பெயர் பேக்கேஜ் மேனேஜர். பழைய சரக்கை வெளியே எடுத்து, புதுச் சரக்கை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தபோது விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டால் அந்த ஆள் என்ன செய்வார்? பாதி பழசு, பாதி புதுசு. எது இருக்கிறது எது இல்லை என்று அவருக்கே தெரியாது. அரிசி கேட்டால் பருப்பு வராமல் தரமாட்டேன் என்பார், பருப்பு கேட்டால் அரிசி எங்கே என்பார். அவர் தெளிந்தால்தான் அடுப்பு எரியும், ஹீட்டர் ஓடும்.

கம்ப்யூட்டரின் இன்டர்நெட்டும் போயிருந்ததால், மேடம் என் போனை வாங்கி ஜன்னல் கம்பியில் கட்டினார். அங்கேதான் சிக்னல் கொஞ்சம் கிடைத்தது. பிறகு ஒரு கட்டளையைக் கொடுத்தார். திரை நிறைய எழுத்து ஓடி, நின்றது. விரலை முதல் வரியில் வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

வாசித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். பண்ணைக்காரர் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். நான் நகத்தைக் கடித்தேன். அறையில் புழுக்கம். அந்த அம்மா குனிந்து வாளியில் சாக்கை முக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் பிடித்தார். மேல் தட்டில் சூடு கீழ்த் தட்டைவிட ஏறி இருந்தது. அதைக் கையால் சரி செய்யவே முடியவில்லை. கீச் கீச் சத்தம் ஒரு பக்கம் குறைந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதா, நிஜமாகவே குறைந்ததா, தெரியாது. அந்த அம்மா மட்டும் தலையைச் சாய்த்துக் காதைக் கண்ணாடியில் வைத்தார்.

"மேடம், வெரசாப் பாருங்க" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்."

சரி செய்வதற்கு ஒரு வழி இருக்கிறது என்று கணினியே சொன்னது. ஒன்றுக்கொன்று ஒத்துவராததை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்து எழுந்துகொள்கிறேன் என்றது. எதையெல்லாம் எறியப் போகிறது என்று ஒரு பட்டியல் போட்டது. அது திரையைத் தாண்டி நீண்டது. அடியில் ஒரு நிபந்தனை. வழக்கமாக யெஸ் என்பதன் முதல் எழுத்தைத் தட்டினால் போதும். இந்த முறை அது போதாதாம்.

"என்ன மேடம் கேக்குது?" என்று பண்ணைக்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"'நீ செய்யப்போறது ஆபத்தான வேலை. அப்படியும் செய்யணும்னா, ஆமா, நான் சொல்றபடி செய்னு முழுசா அடி'ங்குது."

"அடிச்சு விடு தாயி! அதான் நான் சொல்றேன்ல!"

"சொல்றது நீங்கண்ணே. அடிக்கப்போறது நான்."

"குஞ்சு சாகுது, நீ என்னத்த வாய் பேசிக்கிட்டு இருக்க?"

"மேடம், அடிச்சுத் தொலைங்க!" என்று நானும் கத்தினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டியலின் மேல் பக்கத்துக்குப் போனார். முதல் பெயரிலிருந்து, அதே ரேசன் கடைக் குரலில்.

இந்தக் குரலை நான் வேறொரு இடத்திலும் கேட்டிருக்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில். அவருடைய அப்பா இறந்த பிறகு, நிலத்தில் தனக்கு உள்ள பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் எல்லோரும் செய்கிறதுதான். புதுச் சேலை ஒன்று எடுத்துக் கொடுத்துக் கூட்டிப் போவார்கள், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். இவர் பத்திரத்தை வாங்கி, அத்தனை கூட்டத்தில், நின்றபடியே முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசித்தார். நாலு பக்கமும் எல்லை, கிணற்றில் பங்கு, வரப்பில் நிற்கிற புளியமரம், ஒன்றையும் விடவில்லை. "யாருடைய தூண்டுதலும் இன்றி, என் முழு மனச் சம்மதத்துடன்" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, அண்ணனையும் தம்பியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மேலே வாசித்தார்.

"ஏன், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று அண்ணன்காரர் பல்லைக் கடித்தார்.

"கையெழுத்துப் போடத்தாண்ணே வந்தேன். படிக்காமப் போட வரல" என்றார் மேடம். கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுப் போட்டும் கொடுத்தார். நிலம் முழுக்க அவர்களுக்குப் போய்விட்டது. அப்படியும் அவர்கள் அதற்குப் பிறகு இவர் வாசலை மிதிக்கவில்லை. பங்கு கேட்டிருந்தால்கூட நாலு வருஷத்தில் மறந்திருப்பார்கள். வாசித்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பண்ணையில் பட்டியல் முடியப் போகிற இடத்தில் விரல் நின்றது. மேடம் அந்தப் பெயரை இரண்டாம் முறை வாசித்தார். கார்டோடு பேசுகிற அந்தச் சின்ன நிரல். எங்கும் கிடைக்காதது. அந்த வாக்கியத்தை அடித்திருந்தால் கம்ப்யூட்டர் நன்றாக எழுந்து உட்கார்ந்திருக்கும். ஹீட்டர் அதன் பேச்சை இனி ஒருநாளும் கேட்டிருக்காது.

அவர் வேண்டாம் என்று தட்டினார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் நிஜமான வேலை. அந்தச் சின்ன நிரலை மட்டும் தொடாதே என்று முளையடித்துக் கட்டுகிற மாதிரி ஒரு கட்டளை கொடுத்தார். பழைய இயங்குதளத்தின் சரக்கை இன்னும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு முகவரியை எடுத்துவிட்டார். பிறகு பாதியில் நின்றவற்றை ஒவ்வொன்றாக, எதற்கு எது முதலில் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து, உட்கார வைத்தார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வரி வரியாக எழுத்து. ஒவ்வொரு வரியையும் வாசித்தார். நடுவில் சிக்னல் போய்விட்டது. நான் போனை அவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடி, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து பண்ணைக்காரர் பெண்டாட்டியைத் திட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவரால் வேறு யாரையும் திட்ட முடியவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். கார்டு ஹீட்டரைப் போட்ட சத்தம். நான் தொட்டியிலிருந்து குதித்து ஓடினேன். திரையில் சூடும் ஈரமும் எண்ணாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த அம்மா அப்போதும் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. மேடம் போய் அந்தக் கையைப் பிடித்து மெல்ல எடுத்துவிட வேண்டியிருந்தது. விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன.

குஞ்சு பிழைக்குமா என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் பண்ணைக்காரர் போன் செய்தார். "வந்து பாருங்க" என்று இரண்டே வார்த்தை, வைத்துவிட்டார். நல்லதா கெட்டதா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. போகிற வழி முழுக்க மேடம் ஒரு போர்டைக்கூட வாசிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கீழ்த் தட்டுகள் எல்லாம் பொரித்திருந்தன. மேல் தட்டுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. மூக்கை மட்டும் வெளியே நீட்டி, அப்படியே காய்ந்து போனவை. பண்ணைக்காரர் அவற்றைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றைப் போடும்போதும் பெண்டாட்டிக்கு ஒரு வசவு. மேடம் வாசிக்காமல் தட்டியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இன்னும் கொஞ்சம் வேகமாக வாசித்திருந்தால் மேல் தட்டும் மிஞ்சியிருக்குமோ என்னவோ. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, பிழைத்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலகைத் தண்ணீரில் தொட்டுக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார். திட்டு அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. பழகியிருக்கும்.

மேடம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தப்பு அம்மா மேல இல்லண்ணே, என் மேல" என்று பண்ணைக்காரரைப் பார்த்துச் சொன்னார். "யாரு கம்ப்யூட்டர் பக்கத்துல இருப்பாங்களோ அவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதல. பழக்கத்துல இங்கிலீசுல எழுதிட்டேன். ஒரு போன் போட்டு அம்மாகிட்டச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"நீ என்ன தாயி பண்ணுவ? இவளுக்குத் தெரியாதது ஒன் தப்பா?" என்றார் அவர், இன்னொரு முட்டையைப் போட்டபடி.

அந்த அம்மா முதன்முறையாகத் தலையைத் தூக்கினார். "என்னதான் எழுதிருந்த தாயி?"

முதல் நாளிலிருந்து அத்தனை கூச்சலில் அதை அவருக்கு யாருமே சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மேடம் எழுதினதை மனப்பாடமாகத் தமிழில் சொன்னார். திரை எதிரில் இருப்பது போல விரல்கூட லேசாக நகர்ந்தது. "'தயவுசெய்து இந்தக் கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. நன்றி.'"

"தயவுசெஞ்சுன்னா போட்டிருந்த?"

"ஆமாம்மா. மொத வார்த்தையே அதுதான்."

அந்த அம்மா கையிலிருந்த குஞ்சின் முதுகை விரலால் தடவினார்.

"எங்கிட்ட அப்படி யாரு தாயி கேட்டிருக்கா? தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேனே."

பண்ணைக்காரரின் கை வாளிக்கு மேலேயே நின்றுவிட்டது. அந்த அம்மா குனிந்து அடுத்த குஞ்சை எடுத்து, அதன் அலகைத் தண்ணீரில் தொட்டார்.